கஸ்தூரி ஒட்டிய தரை

கஸ்தூரி போய்விட்டாள் என்று அவள் மகன் போனில் சொன்னபோது, மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. "அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றான். பால் பாக்கெட் வாங்கப் போகிறவள்போல, "சரிப்பா, வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் உட்கார்ந்து அழுதேன்.

நம் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் அவளைத் தெரியும். சிந்தாதிரிப்பேட்டைக்காரி, மேலதிகாரி வந்து நின்றாலும் தன் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டாள். அவள் கிண்டலுக்குத் தப்பியவர் நம்மில் யாருமில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவள் என் வீட்டுக் குளியலறைக்குத் தரை போட்ட கதை மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

போன வருஷம் என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "என்னை யாரும் குளிப்பாட்டக் கூடாது. நானேதான் குளிப்பேன்." வாழ்நாளெல்லாம் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்ட மனுஷன். டாக்டரோ, தரையை மாற்றாமல் அவரைத் தனியாக உள்ளே விடவே கூடாது என்றார். சின்ன வேலை என்று எந்தக் கொத்தனாரும் வரவில்லை. கஸ்தூரியிடம் புலம்பினேன்.

"ஆள் வர்லன்னா இன்னாடி? நமக்குக் கை இல்லியா?" என்றாள். பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டும் பசை இருக்கிறதாம், வீடியோவில் பார்த்தாளாம்.

அடையாறில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். கஸ்தூரி செருப்பைக் கழற்றினாள், பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள், ஏறி நின்றாள். "மேடம், ஷோரூம்!" என்று அவர் பதறினார். "குளிக்கிற எடத்துல தண்ணி இல்லாம பின்ன இன்னா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததில் ஏறினாள். கால் கொஞ்சமும் நழுவாத, சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் கிடைக்கும்வரை அவள் ஓயவில்லை.

என் மகள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க, நாங்கள் வேலையைத் தொடங்கினோம். நல்ல காரியம் என்று நிலைப்படியிலிருந்து ஆரம்பித்த கஸ்தூரி, முதல் கல்லுக்குக் குங்குமமும் வைத்தாள். "பாத்ரூமுக்கு எதுக்குடி குங்குமம்?" என்றேன். "உன் வூட்டுக்காரரு கால் வைக்கிற எடம்டி" என்றாள்.

ஒட்டிக்கொண்டே உள்ளே போனோம். மூலையில் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தோம். எங்களுக்கும் கதவுக்கும் நடுவே முழுக்க அப்போதுதான் ஒட்டிய கல். மிதித்தால் எல்லாம் நகர்ந்துவிடும். நான் கம்மோடு மூடிமேலும் அவள் கவிழ்த்த வாளிமேலும் உட்கார்ந்தோம். "நாப்பது வருசம் கணக்கு எழுதி இன்னாடி பிரயோஜனம், வெளிய வர வழிய கணக்குல சேக்காம உட்டுட்டமே!" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் விழுந்த நாளிலிருந்து நான் அழவே இல்லை.

"அழுடி. ஆஸ்பத்திரில அழுதா அவரு பயந்துடுவாரு. இங்க யாரு கீறாங்க?" என்று என் முதுகைத் தடவினாள். கையிலிருந்த பசையெல்லாம் என் புடவையில் அப்பியது. கொஞ்ச நேரம் பொறுத்து, "முடிச்சிட்டியா? எடு பசைக் கரண்டிய" என்றாள். ஒரு வரிசையைப் பெயர்த்து வழி செய்து, மூலையை முடித்து, அந்த வரிசையைப் பின்பக்கமாக நகர்ந்தபடியே மறுபடி ஒட்டிக்கொண்டு வெளியே வந்தோம். கோடுகள் கொஞ்சம் கோணல்தான். ஒரு கல்லும் இன்றுவரை அசையவில்லை. வீடு திரும்பிய அவர், தன் பிடிவாதப்படி தானே குளித்தார்.

சாவு வீட்டுக்கு அவரும் கைத்தடியோடு வந்தார். அவள் காலடியில் வெகுநேரம் நின்றார். வீட்டுக்கு வந்ததும், தலைமுழுக வேண்டுமே என்று வெந்நீர் விளாவி வைத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கஸ்தூரிக்காக, அவள் ஒட்டிய தரையில் நின்று, சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெளியே நின்று நான் அழுதேன். அவளுக்காக மட்டும் அழுதேன். உள்ளே இருப்பவர் விழுந்துவிடுவாரோ என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அதுதான் கஸ்தூரி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.