அம்மாவுக்குப் பிடித்த நத்தை

எனக்குப் பத்து வயது நடந்தபோது நான் மிக அதிகமாக வெறுத்தது எங்கள் பெரியப்பா சாப்பிடும் சத்தத்தை. கருவாட்டுத் தலையை நறுக் நறுக்கென்று கடிப்பார். மூன்று நாள் சுண்டிப்போன மீன் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, அடியை வழித்து, கடைசியில் ஒவ்வொரு விரலாகச் சப்பி முடிப்பார். அவர் ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. நானும் அதையெல்லாம் ரசிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததுதான் எனக்கும் அவருக்கும் பகை.

அப்பா அப்போது சவுதியில் இருந்தார். நானும் அம்மாவும் அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பெரியப்பா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது என்று பேர். ஆனால் அங்கே என்ன சமைப்பது, யார் எப்போது ஊருக்குப் போவது, என் பள்ளிக்கூட பஸ் எது என்பதெல்லாம் பெரியப்பா சொல்வதுதான். அம்மா அவரிடம் நேருக்கு நேர் பேசவே மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரியம்மாவைப் பார்த்து, “அக்கா…” என்று ஆரம்பிப்பாள். பாதியில் பெரியப்பா தொண்டையைச் செருமினால் மீதியை விழுங்கிவிடுவாள். அந்தப் பழக்கத்தின் மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

பெரியப்பாவின் மகன்கள் இரண்டு பேரும், என் அண்ணன்கள், எதைப் போட்டாலும் தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் வரும். ஒரு தடவை நான் முதல் வாயிலேயே குமட்டி வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது என் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்திருந்தது.

“நாங்கல்லாம் இதைத் தின்னுதான் வளந்தோம். ஒனக்கு மட்டும் நாக்கு தங்கத்துலயா செஞ்சிருக்கு?” என்பார் பெரியப்பா. அவரைப் பொறுத்தவரை, அவர் சின்ன வயதில் தின்றதைத் தின்ன மறுப்பது அவரையே மறுப்பது.

நடவு முடிந்து வயலில் தண்ணீர் நின்ற ஒரு சனிக்கிழமை, அவர் ஒரு வாளி நிறைய நத்தையோடு வந்தார். வாளியின் விளிம்பில் ஒன்றிரண்டு ஏறி, கொம்பை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று முழுவதும் தண்ணீரில் கிடந்து சேற்றைக் கக்கின. மறுநாள் பெரியம்மா அவற்றை வேகவைத்து, ஊக்கால் குத்திச் சதையை வெளியே இழுத்து, வழுவழுப்புப் போக உப்புப் போட்டுத் தேய்த்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுவர்ப் பக்கமே திரும்பியிருந்தது. மிளகு வாசனை தெருவரைக்கும் போயிற்று. அந்த வாசனைக்கு அடியில் வாய்க்கால் சேற்றின் வாடை எனக்கு மட்டும் அடித்தது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா போன் செய்வார். இந்தத் தடவை அவரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். பெரியப்பா வழக்கம்போல எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார். நான் பயப்படவில்லை.

“அப்பா, பெரியப்பா என்னைய நத்தை திங்கச் சொல்றாங்கப்பா. நீங்க வேணாம்னு சொல்லுங்க.”

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார்.

“நத்தையா? நடவு முடிஞ்சிருச்சா அங்கிட்டு? மெளகு தூக்கலாப் போட்டாங்களா? இங்க நெனச்சாலும் கெடைக்குமா தாயி! எனக்கும் சேத்து நாலு தின்னு.”

அண்ணன்கள் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இரண்டு வருஷமாக நான் காத்திருந்த மனிதர் அவர்கள் கட்சியில் இருந்தார்.

தட்டில் ஏழு நத்தை விழுந்தது. கறுத்துச் சுருண்டு, சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டது போல இருந்தன. “இதைத் தின்னாம நீ எந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, பெரியப்பா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள். அண்ணன்கள் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். என் கையில் சோறு காய்ந்து இழுத்தது. அழக்கூடாது, பேசக்கூடாது, தொடவும் கூடாது. பொழுது சாய்கிற வரைக்கும் இப்படியே இருந்தால் அவர்தான் எழுந்து போக வேண்டியிருக்கும். நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன்.

வாசலில் யாரோ டிராக்டர் விஷயமாகக் கூப்பிட, பெரியப்பா எழுந்து போனார். அடுத்த நிமிஷம் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். குனிந்து, என் தட்டிலிருந்த ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டாள். மென்ற மாதிரியே தெரியவில்லை. செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், போய்விட்டாள்.

பெரியப்பா திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்து, “பாத்தியா, தின்னா எறங்கத்தான செய்யிது! எங்க ரத்தம்ல!” என்றார்.

அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய், அவர் ஜெயித்துவிட்டார். அம்மா அவரை ஜெயிக்க வைத்துவிட்டாள்.

“நான் ஒண்ணும் திங்கல! அம்மாதான் எடுத்துத் தின்னுச்சு!” என்று கத்தினேன்.

பெரியம்மா எழுந்து வந்தாள். அம்மா கதவோரம் வந்து நின்றாள். பெரியப்பா அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் திட்டவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அடியே, இங்க பாரு. புள்ளை தட்டுலேர்ந்து எடுத்துத் திங்கிற அளவுக்கு ஒன் ஓரவத்திக்கு நத்தை மேல ஆசையாம்! கேட்டிருந்தா வச்சிருக்க மாட்டமா?”

“அப்புடியாடி?” என்றாள் பெரியம்மா.

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெரியம்மாவிடம், “ஆமாக்கா, நல்லாருந்துச்சு” என்றாள்.

அதிலிருந்து வீட்டில் எப்போது நத்தை வந்தாலும், முதல் கரண்டி அம்மா தட்டில்தான். “அவளுக்கு நல்லா வையி, நத்தைன்னா உசுரு அவளுக்கு” என்று பெரியப்பா சொல்லிச் சொல்லி வைக்கச் செய்வார். அப்பாவிடம் போனிலும் சொன்னார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் கொல்லைப்புறம் போவாள். அடிபம்புச் சத்தம் வெகுநேரம் கேட்கும். நான் அவளைப் பார்த்து, ஆசையைப் பார், பெரியப்பா மாதிரியே சட்டியை வழிப்பாள் போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன். என்னை விட்டுவிட்டார்கள், அதன்பிறகு என் தட்டில் யாரும் நத்தை வைத்ததில்லை. அது என் கத்தலுக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்திருந்தேன்.

இன்றைக்கும் எங்கள் உறவில் ஒரு காதுகுத்து, கல்யாணம் என்றால் பந்தியில் யாராவது இந்தக் கதையை எடுத்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அவர்கள் முன்னால் இருக்கும் இலையை அப்படியே இழுத்துத் தெருவில் எறியத் தோன்றும். எறிந்ததில்லை. அந்தக் கதையை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவளே நான்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வருஷம் கழித்து அப்பா திரும்பி வந்தார். அறந்தாங்கியில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்து நாங்கள் மூன்று பேரும் தனியாகப் போனோம். அங்கே போன முதல் மழைக்காலத்தில் ஒரு பெண் அலுமினிய அன்னக்கூடையில் நத்தை விற்றுக்கொண்டு தெருவில் வந்தாள். வீடு மாறியதில் அம்மா களைத்துப் போயிருந்தாள். அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. கையில் இருந்த காசுக்கு ஒரு கிண்ணம் நிறைய வாங்கிக்கொண்டு ஓடினேன்.

“அம்மா, ஒனக்குப் புடிக்குமேன்னு வாங்கியாந்தேன்!”

அம்மா கிண்ணத்தை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போய், தெருவோரம் மழைத் தண்ணீர் ஓடிய பள்ளத்தில் அத்தனையையும் கொட்டினாள். கொட்டியது போதாதென்று கிண்ணத்தையும் வீசி எறிந்தாள். அது உருண்டு எதிர்வீட்டுப் படியில் மோதி நின்றது. அம்மா எதையாவது வீசி எறிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே வந்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள்.

நத்தை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். கெட்டதை என் தலையில் கட்டிவிட்டுப் போன அந்த விற்பனைக்காரி மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு நாளைக்கு அடங்கவில்லை.