கொக்குடையான் கண்மாய்த் துறையும் ஒச்சாயி வீட்டுச் சம்பந்தமும்

அடுப்படியில் ஏதோ விழுந்து, தரையில் உருண்டு ஓடி, சுவரில் முட்டி நின்றது.

"என்னத்தா அது?" என்று கேட்டபடி ஒச்சாயி பாதி எழுந்தாள்.

மகள் சத்யப்ரியா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. முன்னறை நாற்காலியில் இருந்த சிவபாண்டி, தான் சொன்னதையே இன்னொரு முறை, இப்போது அடுப்படிக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நாளைக்கு நீ தாசில்தார்கிட்ட வாயத் தொறந்தீன்னா, ஞாயித்துக்கிழமை பூ வைக்க நாங்க வரமாட்டோம் தங்கச்சி. அம்புட்டுத்தான்."

சிவபாண்டி திருப்பரங்குன்றத்துக்காரர். அவர் மகன் அசோக்குமாரும் சத்யப்ரியாவும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள். பழகி, பிடித்துப்போய், பிறகு பெரியவர்களிடம் வந்து நின்றவர்கள். சாதகம்கூடப் பார்த்தாகிவிட்டது. அப்படி நெருங்கி வந்த கல்யாணத்துக்குக் குறுக்கே இன்று ஒரு மண்பாதை வந்து படுத்துக்கொண்டது.

திருவாதவூர் போகிற வழியில் உள்ளடங்கிக் கிடக்கிறது கொக்குடையான் கண்மாய். அதன் தென்கரையில் ஒரு துறை. மீன் பிடிக்கிற வலைகள் அங்கேதான் கரையேறும். துணி துவைக்கிற கல்லும் அங்கேதான். மாடு தண்ணீருக்கு இறங்குவதும் அங்கேதான். ஞாயிறு காலையில் மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் வந்து, உயிரோடு துள்ளுகிற கெண்டையையும் விராலையும் வாங்கி, அங்கேயே செதில் உரசி வெட்டித் தரச்சொல்லிக் கொண்டுபோவார்கள். இத்தனை பேரும் நடந்து நடந்து உண்டான பாதை அது.

பக்கத்து வயல்கள் வீட்டுமனைகளாயின. கண்மாயைக் காட்டித்தான் மனைகளை விற்றார்கள். விற்று முடித்ததும், அந்தப் பாதையில் இரும்பு கேட் வைத்துப் பூட்டினார்கள். வடக்குக் கரை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். அங்கே சீமைக்கருவேலமும் உடைந்த கல்லும்தான். போன வாரம் மீன்கூடையோடு அந்த வழியில் போன செல்லத்தாய் சறுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

பாதையைத் திறந்துவிடச் சொல்லி ஒச்சாயிதான் மனுக் கொடுத்தாள். கண்மாயில் மீன் பிடிக்கிற மீன்பாசிக் குத்தகை அவள் பெயரில் இருந்தது. அந்தத் துறையை நம்பி மீன் விற்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அவள் பெயரில்தான் எடுத்திருந்தார்கள். நாளை தாசில்தார் வந்து பாதையைப் பார்ப்பார். யார் இதைப் புழங்குகிறார்கள் என்று குத்தகைக்காரியைத்தான் முதலில் கேட்பார்.

"நீ என்ன சொல்லணும்? 'வடக்குப் பக்கமாப் போய்க்கிறோம் சார்'. இந்த ஒரு வார்த்தை. சொல்ல வாய் நோகுதாக்கும்?" என்றார் சிவபாண்டி.

"செல்லத்தாக்கா கால் நோகுதேண்ணே."

"குத்திக் காட்டாத. நான் வயலை வித்து அங்கன மனை வாங்கிப் போட்டுருக்கேன். யாருக்கு? உம் மக வாழறதுக்கு. வாசல் வழியா மாடும் எருமையும் மீன் நாத்தமும் போனா, அதுல வீடுன்னு ஒண்ணக் கட்ட முடியுமா?"

"அந்த நாத்தந்தேண்ணே உங்க மருமகள காலேஜுல படிக்க வச்சது."

சிவபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய்க்கொழுப்பு எம்புட்டு!" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். இருந்த ஒரே நிலத்தை விற்று ஒரே மகனுக்காக வாங்கிய மனை மதிப்பிழந்து போகுமோ என்று பயந்தவர். அப்படிப்பட்டவரிடம் சண்டை போடுவது கடினம்.

ஒச்சாயி அடுப்படிப் பக்கம் பார்த்தாள். நிலைக்கதவின் இடுக்கில் மகளின் கண்கள் தெரிந்தன. அந்தக் கண்களில் நீர் கட்டியிருந்தது. பெற்ற வயிறு தாங்குமா? கணவன் வெள்ளைத்துரை பாம்பு கடித்துச் செத்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளை இன்றுவரை அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது அசோக்குமார்.

"சரிண்ணே," என்றாள் ஒச்சாயி. குரல் அவளுடையதாகவே இல்லை. "நான் ஒண்ணும் சொல்லல."

அடுப்படியில் ஒரு விம்மல் கேட்டது. சிவபாண்டி நாற்காலியை விட்டு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்பிடிச் சொல்லு எந்தங்கச்சி! ஞாயித்துக்கிழம வரைக்கும் எதுக்கு? சோத்தப் போடு. இப்பவே கை நனைச்சிர்றேன்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் தண்ணீர் ஊற்ற, மாப்பிள்ளையைப் பெற்றவர் கைகழுவி ஒரு வாய் உண்டுவிட்டால் பேச்சு முடிந்தது. இரண்டு தரப்பும் கொடுத்த வாக்கு அந்தச் சோற்றோடு உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு மாறினால் ஊர் காறித் துப்பும்.

சத்யப்ரியா தட்டில் சோறு போட்டு, விரால் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க மாமா," என்றாள். அழுத முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

ஒச்சாயி செம்பை எடுத்தாள். சிவபாண்டி வாசல் பக்கம் திரும்பி, குனிந்து, கையை நீட்டினார்.

செம்பு சாய்ந்தது. விளிம்பில் நீர் வந்து நின்றது.

"இனிமே நீ சேத்துல நிக்க வேணாம். சம்பந்தியம்மாளா கவுரவமா ஒக்காரு," என்றார் அவர், உண்மையான பிரியத்தோடு. "மத்தவளுக எங்கிட்டாவது போயிப் பொழச்சுக்கிருவாளுக."

ஒச்சாயியின் கை நின்றது.

எங்கிட்டாவது! வெள்ளைத்துரையை எரித்துவிட்டு, கைப்பிள்ளையோடு முதல்முதலாகத் துறைக்கு வந்து விற்க மீனில்லாமல் உட்கார்ந்திருந்த அன்று தன் முன் கிடந்த வெறுங்கூடை ஒச்சாயியின் கண்முன் வந்தது. செல்லத்தாய் தன் கூடையிலிருந்து இரண்டு கெண்டையை எடுத்து அதில் போட்டாள். அடுத்தவளும் போட்டாள். அதற்கடுத்தவளும் போட்டாள். அன்று அந்தக் கூடை நிறைந்திராவிட்டால் அவள் பிள்ளையோடு கண்மாயில் இறங்கியிருப்பாள். யாருக்கும் சொல்லாத உண்மை அது.

"ஊத்து தங்கச்சி. குழம்பு வாசம் தூக்குது."

ஒச்சாயி செம்பை நிமிர்த்தினாள். ஒரு சொட்டும் விழாமல் பிடித்துக்கொண்டு தரையில் வைத்தாள்.

"என்னால முடியலண்ணே."

"என்னது?"

"ஊத்துனா நான் பேசக் கூடாது. நாளைக்கு நான் பேசுவேன். உங்கள ஏமாத்திச் சோறு போட மாட்டேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. இப்படி ஓர் அவமானத்தை அந்த மனிதர் கண்டதில்லை. "பெத்த மகளவிட அந்த மீன்காரிக பெருசாப் போயிட்டாளுகளா ஒனக்கு?"

"நானும் மீன்காரிதாண்ணே."

"அம்மா!" என்று அலறினாள் சத்யப்ரியா. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? இது என் வாழ்க்கம்மா!"

ஒச்சாயிக்கு மகள் காலைப் பிடித்துக் கதற வேண்டும் போலிருந்தது. ஆனால் அசையவில்லை. கேட்டிருந்தால் மகளுக்காக மனம் மாறியிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

சிவபாண்டி செருப்பைத் தேடினார். ஒரு கால் நுழைந்தது, மறுகால் நுழையவில்லை. "நல்லா யோசிச்சுக்க. காலையில எனக்கு ஒரு போனப் போடு. இல்லேன்னா எம்மகனுக்கு வேற பொண்ணு பாத்துக்கிறேன்."

"காலையில நான் கேட்டுக்கு முன்னாடி நிப்பேண்ணே. பேசணும்னா அங்கன வாங்க."

அவர் படியிறங்கினார். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பி, தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டி மறைந்தது.

சத்யப்ரியா நடையில் நின்று, சத்தம் ஓயும்வரை பார்த்திருந்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பாராமலே, "தட்டுல போட்ட சோறும்மா, அப்பிடியே கெடக்கு," என்று சொல்லி, அடுப்படிக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.