நான்கு நிறக் கணக்கு: இலத்தூருக்குக் கொண்டுபோன தீர்ப்பு

போன ஐப்பசியில் தென்காசிக்குப் போனது அருவியில் குளிக்க அல்ல. நான்கு நிறக் கணக்கைப் பற்றி இந்த வலைப்பதிவில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இலத்தூரிலிருந்து செல்வி என்ற பெண் போன் செய்தாள். அவள் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு.

"அப்பாவுக்கு நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணணும் சார். தான் போட்ட கணக்கு சரின்னு ஒருத்தர் சொல்லாம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்காவ."

நான் கணக்கு வாத்தியார். மறுக்க மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலை எட்டு மணிக்குத் தென்காசி. இலத்தூருக்கு ஏழெட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250 ரூபாய். பேரம் பேசினால் குறையும், எனக்குத் தெம்பில்லை. ஏட்டு போட்ட கணக்கு சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். ஓர் உயிரைவிடக் கணக்கு பெரிதா என்ன?

விஷயம் தெரியாதவர்களுக்கு: பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஒரே நிறம் வராமல் எந்த வரைபடத்துக்கும் வண்ணம் தீட்ட நான்கு நிறங்கள் போதுமா? இங்கிலாந்தில் ஒருவர் வரைபடத்துக்கு வண்ணம் அடிக்கும்போது எழுந்த கேள்வி. பின்னால் ஒரு வக்கீல் போதும் என்று நிரூபித்தார். பதினோரு வருடம் ஊரே நம்பியது. பிறகு ஓட்டை தெரிந்தது. கடைசியில் 1976-ல் கம்ப்யூட்டரை வைத்துத்தான் தீர்த்தார்கள்.

ஏட்டுக்கு அதுதான் பொறுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் எல்லைப் படத்துக்கு வண்ணம் அடித்ததில் பிடித்த பித்து. "மெஷினு சொல்லுதுன்னா கேஸ் முடிஞ்சிருமா சார்? சாட்சி மனுசனால்லா இருக்கணும்" என்றார். அவர் வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றின் பின்பக்கம் முழுக்க நான்கு நிறத்தில் அவருடைய நிரூபணம். பேசும்போதே மூச்சு வாங்கியது.

பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வக்கீல் செய்த அதே தப்பு. ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் நிறம் மாற்றுகிறார். ஒன்றை மாற்றினால் மற்ற இடத்தின் நிற வரிசை கலைந்துவிடும். வாசலில் செல்வி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோர்ட்டுல சொல்லுத மாதிரி சொல்லுங்க சார்" என்றார் ஏட்டு.

பொய் வாய்வரை வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சாக்பீஸால் தரையில் ஒரு சின்னப் படம் போட்டு, அவர் சொன்னபடியே நிறம் மாற்றிக் காட்டினேன். இரண்டு சிவப்பு ஒட்டிக்கொண்டு நின்றன.

ஏட்டு குனிந்து அந்த இரண்டு சிவப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "அந்த வக்கீலுக்குப் பதினோரு வருசம் கிடைச்சுது. எனக்கு ஒரு நாள்கூட இல்லையா?" பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, டாக்டர்ட்ட தேதி கேளு. இனி காத்திருக்க என்ன இருக்கு, எப்பம்னாலும் சரிதான்."

செல்வி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கூசியது.

சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்ததால் பஸ் பிடித்துக் குற்றாலம் போனேன். செந்நிறமாக வெள்ளம், குளிக்கத் தடை. கயிற்றுக்கு இந்தப்புறம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். குளிக்க வேண்டுமென்றால் ஆனி, ஆடியில் போங்கள், ரயிலுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். இலத்தூருக்குத் தென்காசியிலிருந்து பஸ்ஸே போதும். யாராவது தீர்ப்புக் கேட்டுக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் செல்வி பேசினாள். ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்ததாம். "நாள் பூரா டிவி முன்னாலதான் இருக்காவ. என்ன ஓடுதுன்னு கேட்டா தெரியாதுங்காவ."

ஃப்ளெக்ஸ் எங்கே என்று கேட்டேன்.

"விறகு நனையுதுன்னு அப்பாவே எடுத்துப் போத்திட்டாவ சார், வண்ணம் அடிச்ச பக்கம் மேல. ரெண்டு மழையில எல்லா நிறமும் ஒண்ணாப் போச்சு."