வெத்து பிளாஷ்

செத்துப்போனவருக்குக் கல்யாண மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சிவப்பு வெல்வெட் நாற்காலி. அதன்மேல் சட்டம் போட்ட பெரிய படம், படத்துக்கு ஆளுயர ரோஜா மாலை. படத்தில் இருந்தவர் பெண்ணின் அப்பா. பெண்ணும் மாப்பிள்ளையும் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பெண்ணின் அம்மா லட்சுமியம்மாள் உயிரோடு, நல்ல தெம்போடு, சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். புருஷன் இல்லாதவர் மேடைக்கு வரக்கூடாது.

கேமராவுக்குப் பின்னால் நின்றவள் ஜெபராணி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவளே அவள்தான். மூலப்படம் கணவனும் மனைவியுமாகப் பழநியில் எடுத்துக்கொண்டது. மனைவியை வெட்டிய பிறகும் அந்த அம்மாளின் தோளில் இரண்டு விரல்கடை அகலம் ஓரத்தில் மிச்சம் நின்றது. “அந்தத் தோளையும் அழிச்சுப் போடுங்க அம்மணி, பார்க்க ஒரு மாதிரியா இருக்குது” என்று பெண்ணின் சித்தப்பா சென்னகேசவன் சொல்ல, பிரஷ்ஷால் நீலச்சாயம் தொட்டு அதை வானமாக்கிக் கொடுத்திருந்தாள்.

இது நடந்தது 1994 ஆவணியில், பீளமேட்டில். சென்னகேசவன் வீட்டார் மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே நம்மூர்த் தமிழ். பவுண்டரியைத் தொடங்கியவர் படத்தில் இருந்த அண்ணன். அவர் போனபின் சென்னகேசவன் படிப்பு முடித்து வந்து பொறுப்பேற்கும் வரை அதை இழுத்துப் பிடித்து நடத்தியவர் அண்ணி. மணல் அச்சு பிடிக்க ஆள் வராத நாளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே உலைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஊரே அறிந்த விஷயம். உலைக்குப் பக்கத்தில் நின்றால் தீட்டில்லை, மகள் பக்கத்தில் நின்றால் மட்டும் அபசகுனம்.

ஜெபராணியை அமர்த்தியது சென்னகேசவனின் மனைவி. பெண்ணுக்குச் சேலை கட்டும் அறைக்குள் ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது என்பதால், காந்திபுரத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த பிராங்க் ஸ்டூடியோவைத் தேடி வந்தார். கோயம்புத்தூரில் அப்போது கல்யாணத்துக்குக் கேமரா தூக்கிய பெண்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம்.

பிராங்க் அவள் கணவன். மூன்று வருடம் முன்பு, சத்தியமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், தூங்குகிறவர் போலவே இறந்துபோனார். மறுமாதமே ஜெபராணி கேமராவைத் தோளில் மாட்டினாள். அவள் சி.எஸ்.ஐ. சபை. பொட்டும் பூவும் பிறந்ததிலிருந்தே இல்லை, கழுத்தில் எப்போதும் ஒரு மெல்லிய சங்கிலி. கட்டிய புருஷன் இருக்கிறானா இல்லையா என்று அவளைப் பார்த்து எந்த மண்டபத்திலும் யாராலும் சொல்ல முடியாது. யாரும் கேட்டதில்லை. கேட்காததை அவளும் சொன்னதில்லை.

அவளுடைய சொந்த ஜனமும் லேசுப்பட்டதல்ல. அக்கா மகள் சாராவின் கல்யாணம் சபைக் கோயிலில் நடந்தபோது, பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வரும் பெண்கள் கூட்டத்தில் போய் நின்றாள். சபைப் போதகரான ஐயரின் மனைவி சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் வந்து, “நீ போட்டோ எடு ஜெபா. உன்ன மாதிரி யாரு எடுப்பா?” என்றார். கேமரா கையில் இருப்பவளை வெளியே போ என்று சொல்ல வேண்டியதில்லை, எடு என்று சொன்னால் போதும். பிராங்க் போன நாளிலிருந்து எந்தக் குடும்பப் படத்திலும் அவள் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள்தான்.

அன்று மாலை வரவேற்பு. வரிசை மண்டபத்து வாசலையும் தாண்டி நின்றது. வீடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. அவர் கண்ணுக்குப் பெண் வீட்டு மனிதர்களே தெரியவில்லை. போட்டோவுக்கு ஜெபராணி ஒருத்திதான்.

கல்யாணப் போட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த, வெளியே சொல்லாத ஒரு வேலை உண்டு. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். மேடை ஏறுகிறவர்களோ ஆயிரம். எல்லோருக்கும் படம் வேண்டும். எல்லோர் படமும் வீட்டாருக்கு வேண்டாம். அதனால் கேமராவை அழுத்தாமல், பிளாஷின் முதுகில் இருக்கும் சிறு பொத்தானை மட்டும் அழுத்தினால் வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். படம் விழாது. அதற்குப் பெயர் வெத்து பிளாஷ். நின்றவர் திருப்தியாகப் பந்திக்குப் போவார்.

யாருக்கு நிஜம், யாருக்கு வெத்து என்று வீட்டாரில் ஒருவர் மேடையோரம் நின்று சாடை காட்டுவார். இங்கே அந்த உத்தியோகம் சென்னகேசவனுக்கு. தோள் துண்டைச் சரிசெய்தால் நிஜம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் வெத்து. பவுண்டரி ஆட்கள் குடும்பத்தோடு ஏறியபோதெல்லாம் அவர் கை பின்னால்தான் இருந்தது. உலைமேஸ்திரி தம்பிதுரை புதுச்சட்டையின் மடிப்புக் கலையாமல் விறைத்து நின்று, சின்னக் குழந்தையின் தாடையை நிமிர்த்தி, “அங்க பாரு கண்ணு, அக்கா எடுக்கறாங்க” என்றபோது ஜெபராணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

வரவேற்புக்கு முன்பே, அலங்கார அறையில் பெண் ரேணுகாதேவி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, எங்கம்மாகூட எனக்கு ஒரே ஒரு போட்டோ வேணும். வேற எது விட்டாலும் பரவால்ல. சித்தப்பாகிட்ட அழுது சம்மதிக்க வெச்சிருக்கேன்.”

“எடுத்தர்றேன் அம்மணி. நீ கண்ணு மையக் கரைக்காத.”

அவள் அறையை விட்டு வெளியே வந்து சமையல்கட்டுப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனபோது சென்னகேசவன் பின்னாலேயே வந்தார். வெள்ளை வேட்டி, சந்தன மணம், குரலில் சர்க்கரை.

“ஏனுங்க அம்மணி, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சுங்க.”

“ஒண்ணுமில்லீங்க, அண்ணி ஒரு நிமிசம் மேடைக்கு வருவாங்க. புள்ள ஒரே அழுகை, நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு சொல்ல முடியல. நீங்க ஒரு வெத்து அடிச்சுப் போடுங்க. அவங்களுக்கும் சந்தோசம், நமக்கும் சங்கடமில்ல பாருங்க.”

வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. பெற்றவளை மகளின் கல்யாணத்திலிருந்து அழிக்கச் சொல்லும்போதுகூட இந்த ஊரில் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். ஜெபராணி தண்ணீரைக் குடித்தாள். அவர் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லட்சுமியம்மாள் மேடைக்கு வந்தபோது வரிசை சற்று ஒதுங்கியது. பழுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. மகளிடமிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றார். ரேணுகாதேவி எட்டி அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அந்த அம்மாள் அழவில்லை, சிரிக்கவுமில்லை. கடையில் தராசு முள்ளைப் பார்க்கிறவர் போலக் கேமராவையே பார்த்தார்.

மேடையோரம் சென்னகேசவனின் கை பின்னால் போனது.

ஜெபராணி கேமராவை அழுத்தினாள். பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து மறுபடி அழுத்தினாள். கிட்டே போய், இரண்டு முகங்கள் மட்டும் தெரியும்படி மூன்றாவது. பிளாஷ் மூன்று முறை அடித்தது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வெத்தும் நிஜமும் ஒரே வெளிச்சம்தான். சென்னகேசவன் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்து ஏறியவர் ஏதோ ஒரு சங்கத்துச் சேர்மன், ஜரிகை மாலையோடு, நான்கு பேர் சூழ. சென்னகேசவன் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு துண்டை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிசெய்தார். ஜெபராணி குறிபார்த்தாள், “கொஞ்சம் சிரிங்க சார்” என்றுகூடச் சொன்னாள், பிளாஷின் முதுகுப் பொத்தானை அழுத்தினாள். பிறகு கீழே பந்திக்குப் போய், இலைக்கு முன் உட்கார்ந்திருந்த தம்பிதுரை குடும்பத்தை எழுப்பி நிறுத்தி, நிஜமாக ஒரு படம் எடுத்தாள்.

புரட்டாசியில் ஆல்பம் போனது. மறுநாள் காலை சென்னகேசவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

“ஏனுங்க அம்மணி, நம்ம சேர்மன் போட்டோ எங்கீங்க?”

“விழுகலீங்க.”

“நாந்தான் பக்கத்துல நின்னனே. பளிச்சுனு அடிச்சுதே.”

“அடிச்சுதுங்க. தம்பிதுரைக்குங்கூட மேடையில அப்படித்தான் பளிச்சுனு அடிச்சுது.”

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. ஆல்பத்தை விரித்து, ஒரு முழுப்பக்கத்தில் தட்டினார். “அப்ப இது? அண்ணிக்கு என்னங்க பண்ணச் சொன்னேன்? நாளைக்குச் சம்பந்தி ஊட்ல நாலு பேரு பார்ப்பாங்க. மங்கள காரியத்துல தாலியில்லாதவங்க மூஞ்சி எதுக்குங்க? இத எடுத்துப் போட்டு வேற பக்கம் ஒட்டிக் குடுங்க.”

“நீங்க சொல்றது சரின்னா, ஆல்பம் முழுசும் எடுக்கணுங்க.”

“என்னங்க சொல்றீங்க?”

“தாலி கட்டறப்ப பொண்ணு மொகத்துக்கு நேரா நின்னது ஆருங்க? நாந்தானே. வெளக்கேத்துனது, மெட்டி போட்டது, எல்லாத்துக்கும் மொத ஆளா நின்னு பார்த்தது நான். என்ற ஊட்டுக்காரர் போயி மூணு வருசமாச்சு.”

சென்னகேசவன் அவள் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பிறகு வெளியே பெயர்ப் பலகையை எட்டிப் பார்த்தார். “போர்டுல பேரு இருக்குதே?”

“பேரு போர்டுல இருக்குது. அவரு கல்லறையில இருக்காரு.”

“உங்க ஆளுகளுக்கு அதெல்லாம் கணக்கில்லீங்க…”

“எங்க ஆளுகளுக்கும் உண்டுங்க. அதுலெல்லாம் எல்லாரும் ஒரே சாதிதான்.” மேசை டிராயரைத் திறந்து கத்தரியை எடுத்து ஆல்பத்தின் மேல் வைத்தாள். “எங்கிருந்து வெட்டலாமுங்க? தாலி கட்டுன பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டுங்களா?”

அவர் கத்தரியைத் தொடவில்லை. ஆல்பத்தை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். போகும்போது ‘வாரேன்’ கூடச் சொல்லவில்லை. மரியாதை கெட்டுப்போனதில் ஜெபராணிக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

பேச்சு பரவியது. ஐப்பசிக்கு ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கல்யாணங்கள் ‘சொந்தத்துலயே ஒரு பையன் எடுக்கறானுங்க’ என்று கையைவிட்டுப் போயின. மண்டப மேனேஜர் அரங்கசாமி, எப்போதும் நின்று பேசுகிறவர், தெருவின் அந்தப் பக்கமாகவே போனார். ஜெபராணி ஒரு வேலை செய்தாள். அம்மாவும் மகளும் இருந்த அந்த மூன்றாவது படத்தை, பெண்ணிடம் போனில் கேட்டுக்கொண்டு, பெரிதாக்கி, ஸ்டூடியோவின் கண்ணாடி ஷோகேஸில் வைத்தாள். மணப்பெண்களை மட்டும் வைக்கிற இடம் அது. காந்திபுரத்தில் பஸ் ஏறப் போகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் மத்தியானம் லட்சுமியம்மாள் தனியாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஷோகேஸ் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“முந்தானையச் சரிபண்ணச் சொல்லீருக்கலாமில்ல கண்ணு? பெரண்டு கெடக்குது.”

“தோணலீங்கம்மா.”

“அன்னைக்கு அவன் உங்கிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. மூட்டைக்கு அந்தாண்டதான உக்காந்திருந்தேன்.”

ஜெபராணி நிமிர்ந்து பார்த்தாள். “வெத்துன்னு தெரிஞ்சுதான் மேடையேறுனீங்களா?”

“புள்ள கூப்புட்டுச்சு. படம் விழுகாட்டிப் போகுது, அவ பக்கத்துல நிக்கறத ஊரு பார்க்குமில்ல.” கேட்காமலே உள் அறைக்குப் போய், விளக்குகளுக்கு நடுவே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். “இப்ப ஒண்ணு எடு. தனியா. நாஞ்செத்தா அவன் எதையோ வெட்டி ஒட்டிக்கிட்டுத் திரிய வேண்டாம்.”

ஜெபராணி கேமராவை எடுத்தாள்.

“பிலிமு இருக்குதா?”

அவள் அருகில் போய், அவர் கண்ணெதிரே லீவரை இழுத்தாள். கேமராவின் இடப்பக்கத்துக் குமிழ் மெல்லச் சுற்றியது. “இது சுத்துனா உள்ள பிலிம் ஓடுதுன்னு அர்த்தமுங்க.”

லட்சுமியம்மாள் குமிழை உற்றுப் பார்த்தார். “இன்னொருக்கா சுத்து பார்க்கலாம்.”

ஒரு படம் வீணாகப் போகும். ஜெபராணி சும்மா ஒன்றை அழுத்திவிட்டு மறுபடி லீவரை இழுத்தாள். குமிழ் சுற்றியது.

“ம். அடி” என்றார்.