வடை வாங்க ஆளில்லாத ஆலை

திருவையாற்று அரிசி ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் செய்த பிசகால் அரிசி உடைந்து நொய்யாகிறதோ, அவர் எல்லோருக்கும் உளுந்து வடை வாங்க வேண்டும். "யாரு கைவரிசைப்பா இது?" என்று மேற்பார்வையாளர் கயல்விழி கேட்டால் போதும், செய்தவரே தலையைச் சொறிந்துகொண்டு வருவார். "சட்னியோட வாங்குய்யா, கஞ்சப்பயலே" என்று மற்றவர்கள் ஓட்டுவார்கள். வடை தீருவதற்குள் எங்கே பிசகியது என்பது ஆலைக்கே தெரிந்துவிடும்.

முதலாளி இளஞ்செழியன் வலங்கைமானில் இன்னொரு ஆலையை ஆட்களோடு சேர்த்து வாங்கினார். அதே இயந்திரங்கள், அதே நெல். நொய் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"நீங்க போய்ச் சரிபண்ணுங்கம்மா. பொங்கலுக்குள்ள ஆகலைன்னா மேற்பார்வைக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் கயல்விழியிடம்.

சல்லடையருகே கூலிக்கு நின்று மேலே வந்தவள் கயல்விழி. மறுபடி சல்லடைக்கா என்று நினைத்தபடியே பஸ் ஏறினாள்.

வலங்கைமானில் போய் அதே சிரிப்போடு கேட்டாள்: "யாரு கைவரிசைப்பா இது?"

நெல் உலர்த்தும் ராமாயி தரையைப் பார்த்தாள். அரவை ஓட்டும் அன்சார் பெல்ட்டைப் பார்த்தார். சரி, வெட்கம் போலிருக்கிறது என்று கயல்விழியே வடை வாங்கி வந்தாள்.

"இதைச் சம்பளத்துல பிடிப்பீங்களா?" என்றாள் ராமாயி.

கயல்விழி சிரித்தாள். ராமாயி சிரிக்கவில்லை. பழைய முதலாளி எல்லாவற்றுக்கும் பிடித்தாராம். ஆளுக்கொரு வடையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள்.

நெல் அவிக்கும் ஆவியைக் குறைத்துப் பார்த்தாள். ரப்பர் உருளையை மாற்றினாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, யார், எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நொய் கூடத்தான் செய்தது. இரண்டு ஊரும் ஒரே காவிரித் தண்ணீர்தானே, இங்கே மட்டும் என்ன கேடு?

இதற்கிடையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. லீவு போட்டுக் கோடியக்கரைக்குப் போய்த் திரும்பினால், நொய் பாதியாகக் குறைந்திருந்தது.

முதலாளி போனில் சொன்னார்: "நல்லாக் கத்துக்குடுத்திருக்கீங்கம்மா. இனி வலங்கைமானுக்கும் நீங்கதான்."

"சரிங்க" என்றாள். வேறென்ன சொல்வது?

ராமாயியிடம் போனாள். "நான் இல்லாதப்ப என்னதான் பண்ணீங்க?"

"புதுசா ஒண்ணும் இல்லைங்க. நெல்லு சூடு ஆறறதுக்குள்ள அரவைக்குப் போயிட்டிருந்துச்சு. அன்சாரண்ணன்கிட்ட சொன்னேன். பொறுத்து ஓட்டுறாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் யாரு, யாருன்னு கேட்டுக்கிட்டே நின்னீங்களே."

"திருவையாத்துலயும் அப்படித்தான் கேப்பேன்."

"அங்க கேட்டா வடைதான் போகும்" என்று சொல்லிவிட்டு ராமாயி முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கயல்விழிக்கு விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. வேலை நிலைத்துவிட்டது. எதைச் செய்து நிலைத்தது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அரவைக் கொட்டகைக்குள் ராமாயியும் அன்சாரும் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கயல்விழியின் கால் தயங்கியது.

"மேடம் நிக்கிறாங்க" என்றார் அன்சார். இருவரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

"எடை பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் எடைமேடைப் பக்கம் நடந்தாள். எடை போட அங்கே வண்டி ஒன்றும் இல்லை.