தள்ளுவண்டியில் வந்த பற்றரி

குளிர்காலம் தொடங்கியதும் என் தம்பியின் தள்ளுவண்டியில் ஒரு கார் பற்றரி, போர்வை போர்த்துக்கொண்டு, பகேரியாவிலிருந்து பலெர்மோவுக்கு ரயிலில் வரும். தம்பி பக்கத்தில் நடந்து வருவான். ஒருமுறை பக்கத்து இருக்கைக் கிழவி பிள்ளையின் முகம் பார்க்கப் போர்வையை விலக்கப் போனாள். பிள்ளை இப்போதுதான் உறங்கியது என்று அம்மா அவசரமாகத் தடுத்தார். "அது என்ரை வண்டி" என்று தம்பி அழுதான். புதுப்பிள்ளை வந்த வீட்டில் மூத்தவனுக்குப் பொறாமை வருவது சகஜம் என்று கிழவி அவனுக்கு ஒரு இனிப்பு கொடுத்தாள்.

பகேரியாவில் சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த சீமாட்டியின் பழைய வில்லாவை அப்பா பராமரித்து வந்தார். சிஞ்ஞோரா கோடையில் மட்டும் அங்கே தங்குவார். குளிர் வந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு பலெர்மோவில் லிபெர்த்தா வீதியில் இருந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவார். பூட்டிய வீட்டில் காவல்காரனுக்கு என்ன வேலை? வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்க முடியாது. எங்களைக் காப்பாற்றியது சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவர் விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் பற்றரியைக் குளிர்காலம் முழுவதும் ஓர் ஆள் கண்ணும் கருத்துமாகப் பார்க்காவிட்டால் அது செத்துப்போகும் என்று அப்பா அவரிடம் சொல்லிவைத்திருந்தார். அதற்காகவே சிஞ்ஞோரா அவரை வேலையில் வைத்திருந்தார்.

வில்லாவில் மின்சாரம் இல்லாததால் பற்றரி பலெர்மோவுக்கு வந்தது. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் அதற்கு ராச உபசாரம். கூடத்தில் தனிப் பலகை, பக்கத்தில் சார்ஜர். காலையில் சார்ஜரின் பச்சை விளக்கைப் பார்த்துச் சொல்வது ஒன்பது வயதான என் பொறுப்பு. "பற்றரி செத்தால் எங்கடை பெர்மெஸ்ஸோவும் செத்துது, பிள்ளை" என்பார் அப்பா.

மார்கழியில் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் வைத்தோம். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பொயின்ட். நான் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் குடிலின் விளக்குகளைச் செருகினேன். இரவில் மாற்றிவிடலாம் என்று நினைத்ததோடு சரி. காலையில் அப்பா கேட்டால் "பச்சை" என்பேன். குடிலில் இரண்டு பச்சை பல்புகள் எரிந்ததால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோதுதான், சார்ஜர் ஒரு மாதமாக அநாதையாகக் கிடந்தது உறைத்தது. அன்று பின்னேரமே சிஞ்ஞோரா போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கணவரின் பிறந்தநாளாம், காரை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. பற்றரி பிழைத்தால் பெல்லெக்ரினோ மலையில் இருக்கும், பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று நேர்த்தி வைத்தேன்.

ஞாயிறன்று வில்லாவில் அப்பா பற்றரியைக் காரில் பூட்டினார். ஒரே திருப்பில் கார் உறுமியது. சிஞ்ஞோரா உள்ளே ஏறி, ஓட்டாமல் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு இறங்கி, இவ்வளவு கவனமாகப் பார்க்க வேறு ஆள் கிடைக்காது, அடுத்த குளிருக்கும் நீதான் என்று அப்பாவிடம் சொன்னார். புனிதையின் புதுமையை நேரில் கண்டவள் நான் ஒருத்திதான் என்று எனக்குப் புல்லரித்தது.

அடுத்த வாரம் அப்பாவோடு மலை ஏறினேன். பாதி வழியில் கால் கொப்பளித்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா கையில் கொண்டுவந்த என் சப்பாத்துகளை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சிஞ்ஞோராட்டை மட்டும் சொல்லிப்போடாதை" என்றார்.

என் குற்றத்தை மறைக்கிறார் என்று நம்பி, அவருடைய பெருந்தன்மையை நினைத்து உருகியபடியே மிச்ச மலையையும் ஏறினேன்.

போன வருடம் சிஞ்ஞோரா காலமானார். காரைத் துப்புரவாக்க அப்பாவோடு போயிருந்தேன். காருக்குள் அதன் கையேடு இருந்தது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கழற்றிய பற்றரியை உலர்ந்த இடத்தில் வைத்தால் சில மாதங்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற வரியின் கீழே, சிஞ்ஞோரா எதற்கும் பயன்படுத்தும் ஊதாப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஓம், எனக்கு முதல் வருசமே தெரியும்" என்றார். பிறகு அந்தக் கோட்டை விரலால் தடவினார். "அவவுக்கும் தெரியுமெண்டுதான் எனக்குத் தெரியாது."

ஆக, அந்தப் பற்றரி செத்துப்போகும் என்று மனதார நம்பியவள் நான் மட்டும்தான். வெறுங்காலோடு மலை ஏறியதும் நான் மட்டும்தான்.