வாளிகளுக்குள் ஒளித்த நாவல்

அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்தவள் நான்தான். அதற்காக வேலையை இழந்தவள் வேறொருத்தி.

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்பத்தூரில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனி ஷெட்டைத் தள்ளுபடிக் கடையாக மாற்றியிருந்தார்கள். எவ்வளவு பெரிய கடை! அரிசி, சோப்பு, சேலை, பாத்திரம்... கடைசி மூலையில், பிளாஸ்டிக் வாளிகளை அடுத்து, பாதி விலைப் புத்தகங்கள் ஒரு மேசை நிறையக் குவிந்து கிடக்கும்.

செவ்வாய்தோறும் மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அங்கே போவேன். தொலைந்துபோன தங்கையைத் தேடி ஒரு பெண் ஊர் ஊராக அலையும் தடித்த நாவல் ஒன்றை, வாரத்துக்குக் கொஞ்சமாக, நின்றுகொண்டே படித்தேன்.

வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கதைப் புத்தகத்தைக் கண்டால் என் கணவருக்கு ஆகாது. அது மட்டும்தானா? இல்லை... திருட்டுத்தனமாகப் படிப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

ஒரு செவ்வாயன்று, நான் விட்ட பக்கத்திலிருந்து இருபது பக்கம் தள்ளி, மடித்த பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாரோ இதையே படிக்கிறார்கள்! இங்கேயே, என்னைப் போலவே நின்றுகொண்டு!

அடுத்த வாரம் டிக்கெட் இன்னும் முன்னே போயிருந்தது. ஒரு வரியின் கீழே நகத்தால் கீறிய கோடு. நானும் நின்று இரண்டு முறை படித்த அதே வரி!

யார் அது? கல்லூரிப் பெண்ணா? ஓய்வுபெற்ற வாத்தியாரா? சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் இதே யோசனைதான். மேசைப் பக்கம் வருபவர்களின் முகங்களை எல்லாம் பார்த்தேன். ஒருவரும் பொருந்தவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. புத்தகம் காணாமல் போனால், படிப்பவர் தேடத்தானே வேண்டும்?

அடுக்கியிருந்த வாளிகளுள் மேலே இருந்த ஒன்றைத் தூக்கி, புத்தகத்தை உள்ளே போட்டு, மறுபடி அடுக்கினேன். பிறகு சோப்பு டப்பாக்களைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போதும் உணர்கிறேன்... பயத்தால் அல்ல, ஆர்வத்தால்!

மதியச் சாப்பாட்டு நேரம். வந்தவள் கஸ்தூரி.

வாசலில் பெண்களின் பைகளைச் சோதிப்பவள். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டிருப்பாள். "பையக் காட்டுக்கா" என்று வாராவாரம் என்னிடம் சொன்னவள். அவளை ஒருநாளும் நான் அந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை. அவள் நாவல் படிப்பாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்... எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் மேசையைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். குனிந்து கீழேயும் பார்த்தாள். சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"இங்க என்ன தேடறே?"

"ஒரு பொஸ்தகம் சார்... நேத்துகூட இங்கதான் இருந்துச்சு."

"ஓ, இப்ப புத்தகமும் போயிடுச்சா? ஒரு மாசமா சாமான் காணாமப் போகுது. கேட்ல நிக்கறவளே கை வச்சா வேற யாரைப் பிடிக்கறது?"

"சத்தியமா நான் எட்க்கல சார்! எட்த்திருந்தா ஏன் இப்டி தேடிகினு கீறேன்?"

எவ்வளவு நியாயமான கேள்வி! அவர் காதில் அது ஏறவில்லை. "நாளையிலேர்ந்து வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கையை நீட்டினால் வாளி. 'இதோ இருக்கிறது' என்று சொன்னால் போதும்... ஏன் ஒளித்தாய் என்று கேட்பார்களே! குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடுமே! ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு வெளியேறினேன். வாசலில் அவள் என் பையைத் திறந்து பார்த்து மூடினாள். கண்கள் சிவந்திருந்தன.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அடுத்த செவ்வாய் மறுபடி போனேன். புத்தகம் வாளிக்குள்ளேயே கிடந்தது. எடுத்து... கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தேன். ஆம், படித்தேன்!

இரண்டு வருடம் கழித்து, மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் எதிரே வந்து உட்கார்ந்தாள் கஸ்தூரி. அவளே என்னை அடையாளம் கண்டாள்.

"நீ அந்தக் கடைக்கு வருவ இல்லக்கா? வேல போச்சு. கள்ளிக்குப்பத்து ஊட்டையும் காலி பண்ணிட்டோம். இப்ப நெமிலிச்சேரில கீறோம்."

தலையாட்டினேன். அவள் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அங்க ஒரு தடி பொஸ்தகம் இருந்துச்சு, தங்கச்சியத் தேடிகினு போற கத... நீ பட்ச்சிருக்கியாக்கா? அந்தத் தங்கச்சி கெட்ச்சாளா?"

அந்த முகத்தில் கோபமில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான்... எனக்கு நன்றாகப் பழக்கமான ஆசை!

படித்தேன் என்றால், எங்கே படித்தாய் என்று கேட்பாளே!

"இல்லையே... நான் படிச்சதில்ல" என்றேன்.

"பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை கிடைத்துவிட்டாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆவடி வந்தது. நான் இறங்கிவிட்டேன்.